ஓரம் மடித்த அட்டை

கண்ணைத் திறக்காமல் இருந்தால் போதும். திறந்தால்தான் கூரை தெரியும். கூரை மூக்குக்கு நான்கு விரற்கடை மேலே வெள்ளையாக வளைந்திருக்கிறது. போன வியாழக்கிழமை அதைப் பார்த்தேன், பார்த்த உடனே, முடியாவிட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டையை அமுக்கிவிட்டேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே இழுத்ததும் எழுந்து உட்கார்ந்து எதையோ உளறினேன். "பரவாயில்லம்மா, நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகும்" என்று டெக்னீஷியன் பெண் சொன்னாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இடது காதுக்குப் பின்னால் நிழல் மாதிரி ஒன்று தெரிகிறது, அது என்னவென்று இந்த ஸ்கேன் படம் இல்லாமல் சொல்ல முடியாது, தெரியாமல் கத்தி வைக்கவும் முடியாது. மயக்கம் கொடுத்து எடுத்தால் என்ன என்று என் நாத்தனார் ரோஸ்லின் கேட்டதற்கு, "உங்க அண்ணிக்கு இருக்கிற இழுப்புக்கு நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன். அவங்களா முக்கால் மணி நேரம் அசையாமப் படுத்திருந்தா எல்லாம் ஆச்சு" என்றார். அவங்களா. முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைத்தவள், ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வந்திருக்கும் ஒரே வேலை படுத்திருப்பது. அதுதான் வரவில்லை. இன்று திங்கட்கிழமை. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் மூன்றாவது தடவையைப் பற்றிப் பேசவும் இல்லை. கண்ணைத் திறக்காதே. முகத்தின் மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறாள், தலையின் இரண்டு பக்கமும் பஞ்சுக் கட்டை, காதில் பெரிய ஹெட்போன், வலது கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி, இடது கையில் உருண்டை. உருண்டை வெதுவெதுப்பாக இருக்கிறது. எனக்கு முன்னால் படுத்தவர் இதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பார்.

சத்தம் ஆரம்பித்துவிட்டது. டக் டக் டக் டக் என்று யாரோ தகரக் கதவைத் தட்டுகிற மாதிரி, உள்ளே வரச் சொல்லும்வரை தட்டுகிற மாதிரி. போன தடவை இந்தச் சத்தம் வருவதற்கு முன்னாலேயே அமுக்கிவிட்டேன், ஆகவே இது முன்னேற்றம். மூக்கின் நுனி அரிக்கிறது. அரிக்கவில்லை. மூக்கைப் பற்றி நினைத்தால் அரிக்கும், வேறு ஒன்றை நினைக்க வேண்டும். எதை நினைக்க வேண்டும் என்பது தெரியும், இதற்காகத்தான் அது மனப்பாடம் ஆகியிருக்கிறது. ஆறு வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து படித்தது. பிரசவ அறையில் சொன்னது, பிள்ளை தங்காமல் போன பிறகும் சொன்னது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் கடைசி மூச்சை விடும்போது காதோரம் குனிந்து நான் சொல்லச் சொல்ல இவர் உதடு அசைந்தது. பைபிளில் பாதி ஊருக்கு மனப்பாடமான மேய்ப்பன் சங்கீதம். புல்வெளி வரும், தண்ணீர் வரும், பிறகு அந்த இருட்டுப் பள்ளத்தாக்கு, கோல், தடி, பந்தி. வரிசை தெரியும், வார்த்தை தெரியும். முதல் வார்த்தையை எடுக்கிறேன். எடுத்த இடத்திலேயே நிற்கிறது. சேலை முந்தானை முள்ளில் மாட்டின மாதிரி. மறுபடி எடுக்கிறேன், மறுபடி அதே இடம். வார்த்தை மறக்கவில்லை. வார்த்தைக்குப் பதிலாக அட்டை வருகிறது. மூன்று விரல் அகலம், அதற்கு மேல் கொஞ்சம் நீளம், பச்சைப் புல், வெள்ளை ஆடு, அடியில் வசனம், இடது பக்கத்து மேல் ஓரம் மடிந்தது. மடித்தது. நான் மடித்தது.

புதுவருஷக் காலை ஆராதனைக்கு வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் அச்சடித்த அட்டை, அடுக்குவது பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் வேலை. பதினோரு வருஷமாக நான்தான். சிவகாசியில் அச்சடித்து தாள் தாளாக வரும், வெட்ட வேண்டும், வெட்டினதை எங்கள் வீட்டு சாப்பாட்டு மேசையில் பரப்பி நானும் ரோஸ்லினும் ஒவ்வொன்றாக வாசிப்போம். ஒரே வசனம் இரண்டு வந்தால் ஒன்றை எடுத்துவிடுவோம். கண்டிக்கிற வசனம், பயமுறுத்துகிற வசனம் இருந்தாலும் எடுத்துவிடுவோம், வருஷம் பிறக்கிற அன்று யாரும் கோயிலிலிருந்து முகம் வாடிப் போகக் கூடாது. பிறகு பெரிய தாம்பாளத்தில் கவிழ்த்து அடுக்கி பீடத்துக்கு முன்னால் வைப்போம். வரிசை வரிசையாக வந்து, கண்ணை மூடி, ஜெபித்து, ஒன்றை எடுப்பார்கள். கையை விட்டுத் துழாவக் கூடாது. மேலே வருவதுதான் கடவுள் கொடுப்பது. துழாவுகிற பிள்ளைகளின் கையில் நானே அடித்திருக்கிறேன். டிசம்பரில் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. இடது காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம். யாரிடமும் சொல்லவில்லை. அட்டை பிரித்த அன்று மேய்ப்பன் அட்டை இரண்டு வந்தது. ரோஸ்லின் காபி போட எழுந்து போனாள். இரண்டில் ஒன்றை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன், அது வழக்கம்தான். மற்றொன்றின் ஓரத்தை நகத்தால் மடித்தேன். தாம்பாளத்தில் என் கைப்பக்கம், விளிம்பை ஒட்டி, இரண்டு அட்டைக்குக் கீழே வைத்தேன். ஜனவரி ஒன்று காலை எட்டரை மணிக்கு, எல்லாரும் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கவும் செய்துவிட்டு, விரலால் தடவி மடிப்பைத் தேடினேன். கிடைத்தது.

"அம்மா, நல்லா இருக்கீங்க. அசையாம இப்படியே. அடுத்தது அஞ்சு நிமிஷம்." ஹெட்போனுக்குள் அவள் குரல் எங்கோ கிணற்றின் மேலிருந்து வருகிற மாதிரி வருகிறது. எத்தனை ஐந்து நிமிஷம் என்று கேட்க வாய் அசையக் கூடாது. இப்போது சத்தம் மாறிவிட்டது, மாவு மில் மாதிரி, உடம்புக்குள்ளேயே ஓடுகிற மாதிரி, படுக்கைப் பலகை அதிர்கிறது, பல் அதிர்கிறது. மூச்சு மேலேயே நின்றுவிட்டது. இழுப்பு வரப் போகிறதா. வந்தால் இங்கே எழுந்து உட்கார முடியாது, இன்ஹேலர் ரோஸ்லின் பையில், பை ரோஸ்லின் மடியில், ரோஸ்லின் இரண்டு கதவுக்கு அப்பால். மெதுவாக விடு. மூக்கு வழியாக இழு. உருண்டையின் மேல் கட்டைவிரல் இருக்கிறது, இருக்கட்டும், அமுக்காதே. புதுவருஷத்தன்று கோயிலிலிருந்து நடந்து வரும்போது ரோஸ்லின்தான் முதலில் தன் அட்டையைப் படித்தாள். ஒரு வார்த்தை. காத்திரு. "பாருங்க மைனி, நாலாவது வருஷமா எனக்கு இதே சோலி. நாப்பத்தாறு வயசாச்சு, இன்னும் எவனுக்காகக் காத்திருக்க? உங்களுக்கு என்ன வந்திருக்கு, காட்டுங்க." காட்டினேன். "அது சரி! உங்களுக்கு எப்பவும் புல்லும் தண்ணியுமா வந்திருதே. எனக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டு." சொல்லிவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இழுப்பறையில் இரண்டாவது அட்டை இருந்தது. இரண்டு ஓரம் மடித்திருக்கலாம். ஒன்று இந்தப் பக்கம் எனக்கு, ஒன்று அந்தப் பக்கம் அவளுக்கு. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். திருடினதைக்கூட நான் எப்படியோ சமாதானம் சொல்லிக்கொண்டேன், பயந்தவள் எடுத்தாள் என்று. இதற்குச் சமாதானம் இல்லை. இரண்டாவது ஓரத்தை மடிக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. மடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அது ஒரு பாவம், மனந்திரும்பலாம். தோன்றவேயில்லை. அப்படி எடுத்ததை இப்போது எந்த வாயால் சொல்வது. எனக்கு வராத கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அன்புள்ள என்று வாசிப்பது மாதிரி. இதைச் சொல்லிக்கொண்டே இவர் கடந்து போனார், இவருக்கு அது தானாக வந்தது. எனக்கு.

சத்தம் நின்றது. நின்றால் அதைவிட மோசம், என் மூச்சு எனக்கே கேட்கிறது. வெளியே எங்கள் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த கிழவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். கிழவர் என்ன, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். இருளப்பன். முதுகுளத்தூர் பக்கம். இங்கே அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட, ராத்திரி ஆட்டை வலைக்குள் அடைத்து மண்ணுக்கு எரு சேர்க்க வந்தவர், முன்னூறு ஆடு. கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறதாம், வலது கை மரத்துப் போகிறதாம். மருமகன் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கு அடுத்த முறை அவருடையது. நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுயரத்துக்கு மேல் கம்பு ஒன்றைத் தோளில் சாய்த்து வைத்திருந்தார், நுனியில் கொப்பு வளைக்கிற இரும்புத் தொரட்டி. காவலாளி மூன்று தடவை வந்துவிட்டார். "ஐயா, இரும்பு உள்ள போகக் கூடாது. மிஷின் இழுத்துரும்." "என் கம்பை உங்க மிஷின் எதுக்கு இழுக்குது? அதுக்கு ஆடு இருக்கா?" ரோஸ்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரித்ததும் அவர் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன், வாசிக்கவில்லை, கையில் வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தார். "இது என்ன தாயி, ஆடா? பஞ்சு மூட்டைக்குக் கால் வச்ச மாதிரி இருக்கு." அட்டையை வாங்கித் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். "மேய்க்கிறவரு வேட்டி இம்புட்டு வெள்ளையா இருந்தா அவரு ஆட்டைத் தொடவே இல்லைன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, படம் எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லா ஆட்டையும் படுக்கப் போட்டிருக்கான் பாருங்க." படுத்தால் என்ன என்று ரோஸ்லின் கேட்டாள். "படுக்கிறது லேசா? செம்மறிய அடிச்சுப் படுக்க வைக்க முடியாது. வயிறு காஞ்சா படுக்காது. ஈ மொய்ச்சா படுக்காது. நரி வாடை அடிச்சா விடிய விடிய நிக்கும், காலு வீங்கிப் போகும். நாம கிடைக்கு ஓரமா துண்டை விரிச்சுப் படுக்கணும். நாம படுத்தது தெரிஞ்சாத்தான் ஒண்ணொண்ணா மண்டி போடும்." நான் ஒன்று கேட்டேன். அப்போது ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டு முடிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சங்கிலியைக் கழற்றி, வளையலைக் கழற்றி, ரோஸ்லின் கையில் கொடுத்துக்கொண்டே அவர் பதிலைக் காதில் வாங்கினேன். என்ன கேட்டேன்.

பலகை நகர்கிறது. வெளியே. வெளிச்சம் இமைக்கு மேல் சிவப்பாக. முடிந்ததா. "இல்லம்மா, மருந்து போடுறேன், தலை அசையக் கூடாது. இன்னும் பதினைஞ்சே நிமிஷம். இதுதான் முக்கியமான படம். இதுல அசைஞ்சா முன்னாடி எடுத்ததெல்லாம் வீணாப் போயிரும்." கையில் குளிர்ச்சியாக ஏதோ ஏறுகிறது, முழங்கை, தோள், நாக்கில் இரும்புச் சுவை. வெளியே இழுக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இப்போது அறையின் காற்றை மூக்கு அறிந்துவிட்டது. மறுபடி உள்ளே. தோள் இரண்டும் பக்கச் சுவரில் உரசுகிறது. முன்பும் உரசியதா. கண்ணைத் திறந்துவிட்டேன். வெள்ளை. நான்கு விரல் இல்லை, மூன்று. மூடு. மூடின பிறகும் வெள்ளை நிற்கிறது. சவப்பெட்டிக்குள் இவருக்கு இவ்வளவு இடம் இருந்ததா, மூடியை ஆணி அடிக்கும்போது இப்படித்தான் கேட்டிருக்குமா, டக் டக் டக். நெஞ்சு முட்டுகிறது, கட்டைவிரல் உருண்டைக்குள் பாதி இறங்கிவிட்டது, இன்னும் ஒரு நெல் அளவு இறங்கினால் மணி அடிக்கும், ஓடி வருவார்கள், வெளியே இழுப்பார்கள், நான் எழுந்து உட்காருவேன், நிழல் உள்ளேயே இருக்கும், என்னவென்று தெரியாமலேயே வளரும், ரோஸ்லின் தனியாக அந்த மேசையில் அட்டை பிரிப்பாள். ஆண்டவரே, என்னால் அந்த வசனத்தைச் சொல்ல முடியவில்லை. அது என்னுடையது இல்லை. எனக்கு வந்தது வேறு ஏதோ ஒன்று, தாம்பாளத்தில் மேலே இருந்தது, அதை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், அதில் என்ன எழுதியிருந்தது என்றுகூடத் தெரியாது. எனக்குக் கொடுத்தது எது என்று தெரியாமல் இங்கே படுத்திருக்கிறேன். கையில் ஒன்றும் இல்லை. இந்த ரப்பர்தான் இருக்கிறது. ஒன்றும் இல்லை. டக் டக் டக். நான் கேட்டது ஞாபகம் வந்துவிட்டது. வேறு கிடையின் ஆடு உங்கள் கிடைக்குள் வந்து புகுந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. "காதைப் பார்த்தாத் தெரிஞ்சு போகும் தாயி, ஒவ்வொருத்தரும் காது ஓரத்துல ஒரு வெட்டு வெட்டியிருப்போம். அது சொல்லிரும் யாரு ஆடுன்னு." விரட்டிவிடுவீர்களா. "விரட்டவா? எங்க போகும்? பொழுது சாஞ்சு வந்த ஆட்டை வெளிய விட்டா நரிதான் தின்னும். அதுவும் படுக்கத்தானே வந்திருக்கு. கிடக்கட்டும்னு விட்டுருவோம். தண்ணி காட்டும்போது அதுக்கும் காட்டுவோம். அதுக்கென்ன தனியா ஒரு தொட்டியா?" கிடக்கட்டும். இவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், காவலாளியைப் பார்த்து கம்பை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொண்டே சொன்னார். முன்னூறு ஆட்டுக்கு நடுவில் காது வேறு மாதிரி வெட்டின ஒன்று. அதற்குத் தெரியும் இது தன் கிடை இல்லை என்று. நின்றுகொண்டேயிருக்கும். வலைக்கு வெளியே ஏதோ வாடை. பக்கத்தில் ஒன்று மண்டி போடும், அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஓரத்தில் துண்டை விரித்து ஒருவர் படுத்திருக்கிறார், தூங்கவில்லை, கம்பு அருகில் கிடக்கிறது. காதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுத்தான் படுத்தார். முன்னங்கால் முதலில் மடங்கும். அறுத்த நெல்தாள் குத்தும் கொஞ்சம். மண் வெதுவெதுப்பாக இருக்கிறது. டக் டக் என்பது தூரத்தில், வேறு யாருடைய கதவையோ. தண்ணீர். தொட்டி ஒன்றுதான்.

"அம்மா. அம்மா, முடிஞ்சுது. தூங்கிட்டீங்களா என்ன? குறட்டை வந்துச்சு. தலை அசையல, நல்லவேளை." கூண்டைக் கழற்றுகிறாள். உருண்டை என் கையில் இல்லை. பலகைக்குக் கீழே அதன் குழாயில் தொங்கிக்கொண்டிருக்கிறது, எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. அந்த நிழல் என்னவென்று கேட்டேன். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தே கேட்டேன். "படம் நல்லா வந்திருக்கு. டாக்டர்தாம்மா பார்த்துச் சொல்லணும். நாளைக்குக் காலைல." நாளைக்குக் காலை. இறங்கினேன். பயம் எங்கேயும் போகவில்லை, கூடவே இறங்கிச் செருப்பு மாட்டிக்கொண்டது.

கதவுக்கு வெளியே இருளப்பன் நின்றார். மேலே ஆஸ்பத்திரி அங்கி, கீழே மெலிந்த இரண்டு கால், கையில் கம்பு. காது கடுக்கனைக் கழற்றின இடம் வெளிறியிருந்தது. காவலாளி பக்கத்தில் நின்று கை நீட்டிக்கொண்டிருந்தார், இவர் கொடுக்கவில்லை. வெட்டவெளியில் படுத்தே பழகியவர். திறந்த கதவு வழியாக உள்ளே இருந்த வட்டத் துளையைப் பார்த்துவிட்டார், முகத்தில் சற்று முன்பிருந்த கிண்டல் ஒன்றும் இல்லை. "தாயி, உள்ள எப்படி இருக்கு?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார், காவலாளிக்குக் கேட்கக் கூடாது என்று. ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். "மூச்சு முட்டும்" என்றேன். "ஆனா படுத்துக்கலாம். நான் இங்கனயேதான் இருப்பேன். கம்பை என்கிட்டக் குடுங்க." என் முகத்தைப் பார்த்தார். பிறகு மரத்த வலது கையை விட்டுவிட்டு இடது கையால் தூக்கிக் கொடுத்தார். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கதவு மூடி மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

ரோஸ்லின் கேன்டீனிலிருந்து இட்லிப் பொட்டலத்தோடு வந்தவள் என்னையும் கம்பையும் பார்த்து நின்றுவிட்டாள். "என்ன மைனி, ஸ்கேன் எடுக்கப் போய் வேலையில சேர்ந்துட்டீங்களா?" உட்காரச் சொன்னேன். சொன்னேன். நகத்தால் மடித்ததை, விரலால் தடவியதை, இழுப்பறையில் கிடக்கிற இரண்டாவதை, அவளுக்கு ஒரு ஓரம் மடிக்கத் தோன்றாததை. அவள் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். நூல் முழுக்கப் பிரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "அந்த இழுப்பறையத் திறந்து நான் எத்தனை தடவை ஊசிநூல் எடுத்திருக்கேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு இட்லியை இலையோடு என் மடியில் வைத்தாள். "சாப்பிடுங்க. காலையிலேருந்து பட்டினி. சட்னி காரம், பார்த்து." நான் பையைத் திறந்து ஓரம் மடிந்த அட்டையை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். உடனே வாங்கவில்லை. வாங்கி, மடிப்பைக் கட்டைவிரலால் நீவி நிமிர்த்தப் பார்த்தாள், நிமிரவில்லை. தன் பர்ஸைத் திறந்து, பஸ் பாஸுக்குப் பின்னாலிருந்து தன்னுடையதை உருவி என் கையில் வைத்தாள். "அப்ப இதை நீங்க வச்சுக்கிடுங்க. நாலு வருஷம் நான் பார்த்தாச்சு."

உள்ளே சத்தம் ஆரம்பித்துவிட்டது, கதவு வழியாகவும் கேட்டது. ஒரு கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இட்லியைப் பிட்டேன். காவலாளி வந்து பார்த்தார். "இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்மா. உங்களுக்குத்தான் முடிஞ்சுதே, கிளம்பலாமே" என்றார். ரோஸ்லின் என்னைப் பார்த்தாள்.

"அவர் வரட்டும்" என்றேன்.